மனநோய் எதிர்ப்பு மருந்துகளின் அசைவுசார் பக்கவிளைவுகள்

மனச்சிதைவு நோய், இருமுனை மனநோய் முதலியவற்றுக்குத் தரப்படும் சில மருந்துகளால் உடலசைவில் ஏற்படும் மாற்றங்கள் அசைவுசார் பக்கவிளைவுகள் எனப்படும். தசை திடீரென முறுக்கிக்கொள்ளுதல், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமை, நடுக்கமும் விறைப்பும், வாயும் நாக்கும் தாமாக அசைதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. மருத்துவத்தில் இவற்றைக் கூம்பகப் புறவழி அறிகுறிகள் அல்லது எக்ஸ்ட்ராபிரமிடல் அறிகுறிகள் என்று குறிப்பிடுவர்.

இவை நோயின் அறிகுறிகள் அல்ல, மருந்தின் விளைவுகள். இந்த வேறுபாட்டை அறியாததால் இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. பக்கவிளைவை நோய் முற்றியதாகக் கருதி மருந்தின் அளவு கூட்டப்படுவது ஒன்று. அச்சமடைந்த நோயாளியோ குடும்பத்தாரோ மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிடுவது மற்றொன்று. இரண்டும் துன்பத்தைக் கூட்டுபவை. இப்பக்கவிளைவுகளுள் பெரும்பாலானவற்றை உரிய நேரத்தில் கண்டறிந்தால் குறைக்கவோ நீக்கவோ முடியும்.

பெயர்க் காரணம்

மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகள் முகுளத்தில் கூம்பு வடிவில் புடைத்துத் தெரியும். அதனால் அவ்வழி கூம்பக வழி எனப்பட்டது. பேனாவை எடுப்பது, பந்தை எறிவது போன்று நாம் எண்ணிச் செய்யும் அசைவுகளுக்கான கட்டளைகள் இவ்வழியே செல்கின்றன. இதற்குப் புறத்தே, மூளையின் அடியாழத்தில் உள்ள நரம்பணுத் திரள்கள் அசைவின் வேகம், சீர்மை, தசையின் இறுக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகின்றன. நடக்கும்போது கைகள் தாமாக வீசுவதும், உட்கார்ந்திருக்கும்போது உடல் அமைதியாக இருப்பதும் இத்திரள்களின் பணியால்தான். இந்த ஒழுங்கு குலையும்போது தோன்றுபவையே கூம்பகப் புறவழி அறிகுறிகள்.

டோபமினின் பங்கு

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று டோபமின். ஒரு நரம்பணு வெளியிடும் டோபமின், அடுத்த நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகளில் சென்று பொருந்தும். பூட்டில் திறவுகோல் பொருந்துவதைப் போன்றது இது. மனநோய் எதிர்ப்பு மருந்துகளுள் பெரும்பாலானவை டி2 வகை ஏற்பிகளில் தாம் போய் அமர்ந்து, டோபமின் பொருந்தாதபடி தடுக்கின்றன.

மூளையில் டோபமின் செல்லும் முதன்மைப் பாதைகள் நான்கு. உணர்ச்சி, ஊக்கம் ஆகியவற்றோடு தொடர்புடைய பாதையில் டோபமின் மிகும்போது இல்லாத குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கைகள் எழுவது போன்றவை ஏற்படுவதாகக் கருதப்படுகிறது. மருந்து அடைய வேண்டிய இடம் அதுவே. ஆனால் மாத்திரையாக உட்கொண்ட மருந்து குருதி வழியே மூளை முழுவதும் பரவுகிறது. நடுமூளையின் கருநிறப் பகுதியிலிருந்து அடியாழத் திரள்களுக்குச் செல்லும் பாதையிலும் அது டோபமினைத் தடுக்கிறது. அசைவை ஒழுங்குபடுத்தும் பாதை இதுதான். ஒரு வயலுக்குப் போகும் தண்ணீரைக் குறைக்க ஆற்று மதகையே இறக்கினால் மற்ற வயல்களும் காய்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

சுவீடனில் லார்ஸ் ஃபார்டேயும் உடன் பணியாற்றியவர்களும் பாசிட்ரான் உமிழ்வு வரைவி கொண்டு நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. டி2 ஏற்பிகளில் ஏறக்குறைய 65 முதல் 80 விழுக்காடு வரை மருந்தால் நிரம்பும்போது நோய்க்குறிகள் தணிகின்றன. 80 விழுக்காட்டைத் தாண்டும்போது அசைவுசார் பக்கவிளைவுகள் கூடுகின்றன. பலன் தரும் அளவுக்கும் தொல்லை தரும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பதை இது காட்டுகிறது. அந்த எல்லைக்கு மேல் மருந்தைக் கூட்டினால் பலன் பெரிதாகக் கூடுவதில்லை, தொல்லையே கூடுகிறது.

வரலாறு

குளோர்ப்புரோமசின் என்னும் வேதிப்பொருளைப் பிரான்சில் ரோன்-புலாங்க் நிறுவனத்தில் பால் சார்பாந்தியே 1950-இல் உருவாக்கினார். அறுவை மருத்துவர் ஆன்றி லபோரி இதன் அமைதிப்படுத்தும் பண்பைக் கவனித்தார். 1952-இல் பாரிசின் செந்த் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிக்கர் ஆகியோர் இதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பெற்ற பலன்களை வெளியிட்டனர். ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்த பலர் வீடு திரும்ப இம்மருந்து வழிவகுத்தது.

இதே காலத்தில் இந்திய மூலிகை ஒன்றும் உலகின் கவனத்தைப் பெற்றது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் மனக்கொந்தளிப்பையும் உயர் குருதி அழுத்தத்தையும் தணிப்பதைக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு ஆகியோர் 1931-இல் எழுதினர். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் குருதி அழுத்தத்துக்கு இதன் பயனை 1949-இல் பிரித்தானிய இதய இதழில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா ஆய்வகத்தில் இவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

குளோர்ப்புரோமசின், ரெசர்ப்பின் இரண்டுமே நடுக்குவாத நோயைப் போன்ற விறைப்பையும் மந்தத்தையும் உண்டாக்குவதை லோசான் நகர மருத்துவர் ஹான்ஸ் ஸ்டெக் 1954-இல் எடுத்துரைத்தார். முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் ஒரே விளைவைத் தந்தது ஏன் என்ற வினாவுக்கு விடை சுவீடனிலிருந்து வந்தது. ரெசர்ப்பின் கொடுக்கப்பட்டு அசையாமல் கிடந்த முயல்களுக்கு டோபமினின் மூலப்பொருளான லெவோடோபாவைச் செலுத்தியபோது அவை மீண்டும் எழுந்து நடமாடின. அர்விட் கார்ல்சன் 1957-இல் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பு, அசைவுக்கு டோபமின் இன்றியமையாதது என்பதைக் காட்டியது. இத்துறையில் அவர் செய்த பணிக்காக 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். நடுக்குவாத நோய்க்கு இன்றும் முதன்மை மருந்தாக இருப்பது லெவோடோபாவே.

தொடக்க ஆண்டுகளில் மருத்துவர் பலர், விறைப்பு தோன்றுவதே மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று நம்பினர். ஹான்ஸ்-யோக்கிம் ஹாசே என்ற செருமானிய மருத்துவர் நோயாளியின் கையெழுத்து சிறுத்துக் குறுகுவதை அளவுகோலாகக் கொண்டு மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் முறையை முன்வைத்தார். இந்நம்பிக்கையைத் தகர்த்தது குளோசபைன். விறைப்போ நடுக்கமோ பெரிதும் இல்லாமலே அது நோயைத் தணித்தது. எனினும் 1975-இல் பின்லாந்தில் இதை உட்கொண்ட சிலர் வெள்ளணுக்கள் குறைந்து இறந்ததால் பல நாடுகள் அதனைக் கைவிட்டன. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோயில் இது கூடுதல் பலன் தருவதை ஜான் கேன் தலைமையிலான ஆய்வு 1988-இல் நிறுவிய பின், குருதிச் சோதனை நிபந்தனையோடு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

நான்கு வகைகள்

அசைவுசார் பக்கவிளைவுகளை அவை தோன்றும் காலத்தைக் கொண்டே பெரும்பாலும் அடையாளம் காணலாம். முதல் வகை மணிகளிலோ நாள்களிலோ, இரண்டாவது நாள்களிலோ வாரங்களிலோ, மூன்றாவது வாரங்களிலோ மாதங்களிலோ, நான்காவது மாதங்களிலோ ஆண்டுகளிலோ தோன்றும்.

1. திடீர் தசைமுறுக்கம் (டிஸ்டோனியா)

மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் சில நாள்களில், சில வேளை முதல் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே, ஒரு தசைத் தொகுதி இழுத்து முறுக்கிக்கொள்ளும். கழுத்து ஒருபுறமாகத் திருகிக்கொள்ளலாம். கண்விழிகள் மேல்நோக்கிச் செருகி இறங்காமல் நிற்கலாம். தாடை பூட்டிக்கொள்ளலாம். நாக்கு வெளியே தள்ளலாம். முதுகு வில்லாக வளையலாம். நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை. நடப்பதை எல்லாம் உணர்ந்துகொண்டு, வலியும் அச்சமுமாகத் தவிப்பார். வலிப்பு நோயிலிருந்து இதைப் பிரித்தறிய இது ஒரு முக்கிய அடையாளம்.

இளைஞர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, ஹாலோபெரிடால் போன்ற வீரியம் மிக்க மருந்து ஊசியாகத் தரப்படும்போது இது கூடுதலாக ஏற்படுகிறது. பார்ப்பதற்கு மிகவும் கொடுமையாக இருப்பதால் வலிப்பு என்றும், நடிப்பு என்றும், பேய் பிடித்தது என்றும் தவறாக எண்ணப்படுவது உண்டு. உண்மையில் நான்கு வகைகளுள் எளிதில் தீர்வது இதுதான். புரோமெத்தசின் அல்லது அதையொத்த மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முறுக்கம் தளர்ந்துவிடும். மீண்டும் வராமலிருக்கச் சில நாள்களுக்கு மாத்திரை தரப்படும். குரல்வளைத் தசை இறுகி மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2. இருப்புக்கொள்ளாமை (அகதீசியா)

உட்கார முடியாமை என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அகதீசியா என்ற பெயரை 1901-இல் உருவாக்கியவர் செக் மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஸ்கோவெட்ஸ். மனநோய் எதிர்ப்பு மருந்துகள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நிலை அறியப்பட்டிருந்தது.

இதில் உள்ளே ஒரு தவிப்பு இருந்துகொண்டே இருக்கும். நோயாளி உட்காருவார், எழுவார், நடப்பார், மறுபடி உட்காருவார். நிற்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பார். உட்கார்ந்திருக்கும்போது கால்களை ஆட்டிக்கொண்டே இருப்பார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துபோவதும், பேருந்தில் ஒரு நிறுத்தம்கூட உட்கார முடியாமல் தவிப்பதும் உண்டு.

நான்கு வகைகளுள் மிக எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே. எடுத்துக்காட்டாக, மருந்து தொடங்கிய பத்தாம் நாள் ஓர் இளைஞர் இரவெல்லாம் கூடத்தில் நடக்கிறார் என்று கொள்வோம். குடும்பத்தார் மருத்துவரிடம் “முன்பைவிடப் பதற்றம் அதிகமாகிவிட்டது” என்கிறார்கள். நோயின் பதற்றம் என்று கருதி மருந்து கூட்டப்படுகிறது. தவிப்பு மேலும் கூடுகிறது. அதைக் கண்டு மருந்து மீண்டும் கூட்டப்படுகிறது. இந்தச் சுழலை உடைக்க ஒரு கேள்வி போதும்: “மனத்தில் கவலையால் நடக்கிறீர்களா, அல்லது கால்கள் சும்மா இருக்க விடாததால் நடக்கிறீர்களா?” இரண்டாவது என்று நோயாளி சொன்னால் அகதீசியாவை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய நாளுக்குப் பின் இது தோன்றியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடுமையான இருப்புக்கொள்ளாமை வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தைத் தூண்டக்கூடும். எனவே இதை அற்பமான தொல்லையாக ஒதுக்குவது தவறு. மருந்தின் அளவைக் குறைப்பதும், வேறு மருந்துக்கு மாற்றுவதும் முதல் வழிகள். இவற்றோடு புரோப்பிரனலால் மாத்திரையும் தரப்படுவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்பதால் மூச்சிரைப்பு இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

3. நடுக்குவாதம் போன்ற நிலை (பார்க்கின்சோனியம்)

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தோன்றும் இந்நிலையில் நடை மெதுவாகும், காலடிகள் குறுகும், கைவீச்சு குறையும். முகத்தில் உணர்ச்சி தெரியாது. எழுத்து சிறுக்கும். கை நடுங்கும். எச்சில் வடியும். நோயாளியின் முழங்கையை மருத்துவர் மடக்கி நீட்டும்போது பற்சக்கரம் விட்டுவிட்டுச் சுழல்வதைப் போன்ற தடை தெரியும்.

இதையும் நோயின் பகுதியாகவே எண்ணிவிட வாய்ப்புண்டு. மனச்சிதைவு நோயிலும் பேச்சு குறைவதும் ஆர்வம் மங்குவதும் உண்டு. மனச்சோர்விலும் அப்படியே. “சோம்பேறியாகிவிட்டான்”, “எதிலும் பிடிப்பே இல்லை” என்று வீட்டில் குறைகூறப்படுபவரின் உடல் உண்மையில் மருந்தால் விறைத்திருக்கலாம். முதியவர்களுக்கு இந்நிலை ஏற்படும் வாய்ப்பு மிகுதி. தடுமாறி விழுந்து எலும்பு முறியும் அபாயமும் உண்டு. லூயி உருண்டை மறதிநோய் உள்ள முதியவர்கள் இம்மருந்துகளின் சிறு அளவையும் தாங்க மாட்டார்கள்.

மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இது சரியாகிவிடும். இடைக்காலத்தில் டிரைஹெக்சிஃபெனிடில் போன்ற மருந்து தரப்படும். டோபமினும் அசிட்டைல்கோலினும் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. ஒன்று குறைந்ததால் மற்றது ஓங்கி நிற்கிறது. ஓங்கியதைக் குறைத்துத் தராசைச் சமன்செய்வதே இம்மருந்தின் வேலை.

4. பிந்தித் தோன்றும் அசைவுக் கோளாறு (டார்டிவ் டிஸ்கினீசியா)

மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மருந்து உட்கொண்ட பின் தோன்றுவது இது. செருமானிய மருத்துவர் ஷோனெக்கர் 1957-இல் இதனை முதலில் விவரித்தார். உதடுகள் சப்புக்கொட்டும், வாய் எதையோ மெல்லும், நாக்கு புழுவைப் போல் நெளியும் அல்லது வெளியே எட்டிப் பார்க்கும், கண்கள் அடிக்கடி இமைக்கும், விரல்கள் கண்ணுக்குத் தெரியாத பியானோவை வாசிப்பதைப் போல் அசையும். உறக்கத்தில் இவை நின்றுவிடும். பல நேரம் நோயாளிக்கே இது தெரியாது. எதிரே இருப்பவரே முதலில் காண்பார்.

நெடுங்காலம் தடுக்கப்பட்ட டோபமின் ஏற்பிகள் எண்ணிக்கையிலும் கூருணர்விலும் பெருகி, சிறிதளவு டோபமினுக்கே மிகையாக எதிர்வினை செய்கின்றன என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதனால் ஒரு முரண் நேர்கிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் அசைவுகள் முதலில் கூடும். மருந்தைக் கூட்டினால் தற்காலிகமாக அடங்கியதைப் போல் தோன்றும்; ஆனால் கோளாறு உள்ளே வளரும்.

பழைய தலைமுறை மருந்துகளை உட்கொள்ளும் வயதுவந்தோருள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது புதிதாகத் தோன்றுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டின. முதியவர்களுக்கு இந்த அளவு பல மடங்கு கூடுதல். பெண்களுக்கும், நீரிழிவு உள்ளோருக்கும், தொடக்கத்திலேயே பிற அசைவுசார் பக்கவிளைவுகள் ஏற்பட்டவர்களுக்கும் வாய்ப்பு மிகுதி.

மற்ற மூன்று வகைகளும் பெரும்பாலும் மீளக்கூடியவை. இது மட்டும் மருந்தை நிறுத்திய பின்னும் நிலைத்துவிடலாம். ஆகவே தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது மிகத் தேவையானது. சிகிச்சையிலும் இது வேறுபட்டது. நடுக்குவாத நிலைக்கு உதவும் டிரைஹெக்சிஃபெனிடில் இதைத் தணிப்பதில்லை; கூட்டவும் கூடும். நரம்பு முனைகளில் டோபமின் சேமிக்கப்படுவதைக் குறைக்கும் டெட்ராபெனசின் முன்பிருந்தே பயன்பட்டு வந்தது. அதன் வழிவந்த வால்பெனசின், டியூட்டெட்ராபெனசின் ஆகியவற்றை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017-இல் இக்கோளாறுக்கு ஒப்புதல் செய்தது.

அவசர நிலை: கடும் காய்ச்சலும் விறைப்பும்

அரிதாக, ஆனால் உயிருக்கு ஆபத்தாக, வீரியமிகு நியூரோலெப்டிக் கூட்டறிகுறி என்றொரு நிலை ஏற்படலாம். கடும் காய்ச்சல், ஈயக்குழாயை வளைப்பதைப் போன்ற கடும் விறைப்பு, மிகுந்த வியர்வை, ஏறி இறங்கும் குருதி அழுத்தம், நினைவு மங்கல் ஆகியன இதன் அறிகுறிகள். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துப் பார்ப்பது கூடாது. மனநோய் எதிர்ப்பு மருந்து உட்கொள்பவருக்குக் காய்ச்சலும் விறைப்பும் ஒன்றாக வந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல், மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எந்த மருந்தால் எவ்வளவு?

மனநோய் எதிர்ப்பு மருந்துகள் இரு தலைமுறைகளாகப் பிரிக்கப்படுகின்றன. குளோர்ப்புரோமசின், ஹாலோபெரிடால், டிரைஃபுளூவோபெரசின், ஃபுளூஃபெனசின் ஆகியவை முதல் தலைமுறை. குளோசபைன், ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், குவெட்டியாபைன், அரிபிபிரசோல் ஆகியவை இரண்டாம் தலைமுறை.

இரண்டாம் தலைமுறை மருந்துகளால் அசைவுசார் பக்கவிளைவுகள் பொதுவாகக் குறைவு. எனினும் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. குளோசபைனாலும் குவெட்டியாபைனாலும் மிகக் குறைவு. ரிஸ்பெரிடோனின் அளவு கூடக்கூட நடுக்குவாத நிலை கூடும். அரிபிபிரசோல் இருப்புக்கொள்ளாமையை உண்டாக்கலாம். இவற்றுள் சிலவற்றுக்கு, குறிப்பாக ஒலான்சபைனுக்கும் குளோசபைனுக்கும், உடல் எடை கூடுதல், நீரிழிவு போன்ற வேறு தொல்லைகள் உண்டு. அமெரிக்காவில் 1,493 நோயாளிகளைச் சேர்த்து நடத்தப்பட்டு 2005-இல் வெளியான கேட்டி ஆய்வில், பழைய மருந்தான பெர்பெனசினுக்கும் புதிய மருந்துகளுக்கும் அசைவுசார் பக்கவிளைவுகளின் அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் அக்காரணத்தால் மருந்தைக் கைவிட்டோர் பெர்பெனசின் பிரிவில் கூடுதலாக இருந்தனர். எனவே புதிய மருந்து என்பதாலேயே கவலையில்லை என்றும், பழைய மருந்து என்பதாலேயே ஆகாது என்றும் முடிவு செய்ய இயலாது.

மனநோய்க்கு அல்லாத மருந்துகள்

டோபமினைத் தடுக்கும் பண்பு வேறு சில மருந்துகளுக்கும் உண்டு. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும், வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் தரப்படும் புரோகுளோர்பெரசினும் இத்தகையவை. வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்ட இளைஞருக்குச் சில மணி நேரத்தில் கழுத்து திருகிக்கொண்டால் காரணம் அந்த ஊசியாக இருக்கலாம். மெட்டோகுளோபிரமைடை 12 வாரங்களுக்கு மேல் பயன்படுத்துவது பிந்தித் தோன்றும் அசைவுக் கோளாறுக்கு வழிவகுக்கலாம் என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2009-இல் எச்சரித்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் இதன் பயன்பாட்டை அதிக அளவாக 5 நாள்களுக்கு வரையறுத்தது. தலைச்சுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் சின்னாரிசின், ஃபுளூனாரிசின் ஆகியன முதியவர்களிடம் நடுக்குவாத நிலையை உண்டாக்கலாம். ஒரு வாரத்துக்கு எழுதித் தந்த தலைச்சுற்றல் மாத்திரையை மருந்துக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது இக்காரணத்தால் ஆபத்தானது.

துணை மருந்தின் பக்கவிளைவு

டிரைஹெக்சிஃபெனிடில் பல மருந்துச் சீட்டுகளில் மனநோய் எதிர்ப்பு மருந்தோடு இடம்பெறுவது உண்டு. அதற்கும் பக்கவிளைவுகள் உள்ளன. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைத்தல், பார்வை மங்கல், ஞாபகக் குறைவு ஆகியவை அவை. முதியவர்களுக்கு மனக்குழப்பமும் ஏற்படலாம். எல்லா நோயாளிக்கும் முன்கூட்டியே, காலவரையின்றி இதைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இம்மாத்திரை இன்னும் தேவைதானா என்று அவ்வப்போது மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. அதேவேளை, திடீரெனத் தாமே நிறுத்துவதும் சரியன்று.

எவ்வாறு கண்டறிவது?

இதற்குத் தனியான குருதிச் சோதனை இல்லை. கவனித்துப் பார்ப்பதே சோதனை. பிந்தித் தோன்றும் கோளாறை அளக்க அமெரிக்காவில் 1976-இல் வெளியான எய்ம்ஸ் என்ற அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. இதற்குக் கருவி ஏதும் தேவையில்லை. சில நிமிடங்களே ஆகும். முறை வருமாறு:

- வாயில் மிட்டாய், பாக்கு போன்றவை இருந்தால் துப்பச் சொல்ல வேண்டும். பல்செட் சரியாகப் பொருந்துகிறதா என்று கேட்க வேண்டும்.
- கைப்பிடியில்லாத நாற்காலியில், கைகளை முழங்கால் மேல் வைத்து, பாதங்கள் தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும்.
- வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருக்கும்போதும், பின் நீட்டும்போதும் கவனிக்க வேண்டும்.
- கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டச் சொல்லி, அவ்வேளையில் முகத்தையும் கால்களையும் பார்க்க வேண்டும்.
- எழுந்து நின்று கைகளை முன்னால் நீட்டவும், சில அடிகள் நடந்து திரும்பவும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பகுதியின் அசைவுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடப்படுகிறது. ஒருமுறை இடும் மதிப்பெண்ணைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை இட்டு ஒப்பிடுவதே பயன் தரும்.

நோயாளியும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை

- புதிய மருந்து தொடங்கிய நாள், அளவு மாறிய நாள், தொல்லை தோன்றிய நாள் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல். இந்த மூன்று தேதிகளிலிருந்து மருத்துவர் பெரும்பகுதியை ஊகித்துக்கொள்வார்.
- கழுத்து திருகும்போதோ வாய் அசையும்போதோ கைப்பேசியில் சிறு காணொளி எடுத்துக் காட்டுதல். மருத்துவரின் அறைக்குள் நுழையும்போது அறிகுறி அடங்கிவிடுவது உண்டு. நோயாளியின் ஒப்புதலுடன் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பகிரக் கூடாது.
- ஊசி மருந்தாக இருந்தால் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல். ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட்டு போன்ற நீண்டகால ஊசிகள் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால், பக்கவிளைவும் உடனே மறைவதில்லை.
- முன்பு தசைமுறுக்கம் ஏற்பட்டிருந்தால், எந்த மருந்தால் என்பதைப் பிற நோய்களுக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் சொல்லுதல்.
- “நடிக்கிறான்”, “சோம்பல்” என்று பழிப்பதற்கு முன் மருந்தின் விளைவாக இருக்குமோ என்று எண்ணிப் பார்த்தல்.

மருந்தைத் தாமே நிறுத்துதல்

மனச்சிதைவு நோயாளர் மருந்தைக் கைவிடுவதற்குரிய காரணங்களுள் இப்பக்கவிளைவுகளும் ஒன்று. நாள் முழுதும் உட்கார முடியாமல் தவிப்பவர் அந்த மாத்திரையை வெறுப்பதில் வியப்பில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. நோய் திரும்பும்போது படிப்பும் வேலையும் உறவுகளும் மீண்டும் குலையக்கூடும்.

நிறுத்துவதற்கும் சகித்துக்கொள்வதற்கும் இடையே பல வழிகள் உள்ளன. அளவைக் குறைக்கலாம். படிப்படியாக வேறு மருந்துக்கு மாறலாம். துணை மருந்து சேர்க்கலாம். இவற்றுள் எது பொருந்தும் என்பதை நோயின் கடுமை, வயது, முந்தைய அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அதற்குத் தொல்லையை அவரிடம் சொல்ல வேண்டும். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளையும் பற்றித் தகவல் பெறும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. ஆகவே “இந்த மாத்திரையால் என்ன ஆகும்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

உடனே மருத்துவரை அணுக முடியாதவர்களும், தவிப்பு மிகுந்து தீய எண்ணங்கள் எழுவோரும் இந்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.